யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்: விருப்பப் பட்டியலை நிரப்புமுன்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் வெளிவரும். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் அது நடக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து அதில் ஒரு குறியீடு இருக்கும். மாணவர் அந்தக் குறியீடுகளைத் தம் விருப்ப ஒழுங்கில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். வடக்கில் அந்தப் பட்டியலை மாணவர் தனியே நிரப்புவது குறைவு. மாமா மொறட்டுவ என்பார். அம்மாவுக்குப் பிள்ளை வீட்டிலிருந்து போய்வந்தால் போதும். ரியூட்டரி ஆசிரியர் சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியைச் சொல்லி வயிற்றைக் கலக்குவார். இந்தப் பேச்சில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இரண்டு விதமாகத்தான் வந்துபோகும்: வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நல்ல இடம், அல்லது வேறெங்கும் கிடைக்காவிட்டால் போகும் இடம். இரண்டுமே ஒரு பல்கலைக்கழகத்தை அது இருக்கும் தூரத்தை வைத்து அளப்பவை. அங்கே என்ன படிப்பிக்கிறார்கள், எந்த மொழியில், யாரோடு இருந்து படிக்க வேண்டும், படித்து முடித்தவர் எங்கே போகிறார் என்பதை யாரும் பேசுவதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயருக்குள் மொழியாலும் இடத்தாலும் வயதாலும் வேறுபட்ட பல நிறுவனங்கள் இருக்கின்றன. 1978 இல் தொடங்கிய மருத்துவ பீடத்தையும் 2016 அளவில் உருவான தொழில்நுட்ப பீடத்தையும் ஒரே மதிப்பீட்டில் அடக்க முடியாது. பெயரைத் தெரிவுசெய்பவர் ஏமாறலாம். பீடத்தைத் தெரிவுசெய்பவருக்கு ஏமாறும் வாய்ப்புக் குறைவு. அந்தப் பார்வையோடுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் உள்ளே போகும் வழி. இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் மாறுவதால், ஒருவர் தம்மோடு அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியில் இருந்து எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதை அது கணக்கிடுகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகின்றன. கலைப் பிரிவு இதற்கு விலக்கு. அங்கே நாடு தழுவிய திறமையே கணக்கு. இந்த ஒதுக்கீடு ஒருவர் எந்த மாவட்டத்தில் இருந்து பரீட்சைக்குத் தோற்றினார் என்பதைப் பார்க்கிறது. எந்த மாவட்டத்தில் படிக்கப்போகிறார் என்பதை அது பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எந்தத் தனி உரிமையும் கிடையாது. இதைச் சொன்னால் இன்றும் முகத்தைச் சுருக்கும் பெற்றோர் உண்டு.

யாழ் மாவட்டத்தில் போட்டி கடுமை. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இருந்து மருத்துவத்துக்குப் போகப் போதுமான புள்ளி யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பல ஆண்டுகளில் போதாமல் போகிறது. யாழ் மாவட்டத்தின் உச்சப் புள்ளிக்காரர் பொறியியலுக்கு மொறட்டுவவுக்கும் பேராதனைக்கும், மருத்துவத்துக்குக் கொழும்புக்கும் பறக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போகும் இடங்களில் குருநாகலிலும் காலியிலும் இருந்து பிள்ளைகள் வந்து இருக்கிறார்கள். பிராந்தியப் பல்கலைக்கழகம் என்று நாம் அழைப்பது, சேர்க்கை விதிப்படி ஒரு தேசியப் பல்கலைக்கழகம்.

இதில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. தமிழருக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை பழையது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அது திருகோணமலையில் அமைய வேண்டும் என்று தமிழரசுக் கட்சி நின்றது; யாழ்ப்பாணத்தில் அமைய வேண்டும் என்று வேறொரு சாரார் நின்றனர். அந்த வாதம் முடியுமுன் 1971 இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. அந்த ஆண்டு மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் 400 க்கு 250 புள்ளி தேவைப்பட, சிங்களமொழி மூலம் 229 போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளில் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் விஞ்ஞானம் சார்ந்த துறைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேலாக இருந்த தமிழ் மாணவரின் பங்கு, பத்தாண்டின் நடுவில் ஐந்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்தது. யாழ்ப்பாண இளைஞரின் அரசியலை மாற்றிய காரணங்களில் இது முதன்மையானது. இந்தச் சூட்டின் நடுவில்தான், 1974 ஜனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு உயிரிழப்புகளோடு முடிந்த அதே ஆண்டில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்து திறந்துவைத்தார். தமிழ்த் தேசிய அரசியலில் பலர் அதை வரவேற்கவில்லை. தரப்படுத்தலின் காயத்துக்குக் கட்டிய துணி என்றே பார்த்தார்கள். எந்த ஒதுக்கீட்டின் கசப்பில் வளாகம் பிறந்ததோ, அதன் திருத்திய வடிவம்தான் இன்று அதன் விரிவுரை மண்டபங்களில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானிக்கிறது.

வளாகம் வெறும் நிலத்தில் எழவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களும் கோயிலும் அதற்குக் கிடைத்தன. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவும் தொடக்கத்தில் கைகொடுத்தது. சைவ மரபும் அமெரிக்க மிசன் மரபும் கட்டிய இரண்டு பள்ளிக்கூடங்களின் தோளில் ஏறி, மார்க்சிய விமர்சகர் ஒருவரின் தலைமையில் அது நடக்கத் தொடங்கியது. முதல் தலைவர் க. கைலாசபதி. தினகரன் ஆசிரியராக இருந்து பேராசிரியரானவர். பழந்தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய அவரது ஆய்வு நூலை ஒக்ஸ்போர்ட் வெளியிட்டது. அவர் தலைமையில் சிங்கள மாணவர்களும் இங்கே படித்தார்கள் என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். 1977 கலவரத்தோடு அவர்கள் வெளியேறினார்கள். 1979 ஜனவரியில் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராக இருந்தவர் சு. வித்தியானந்தன். பேராதனையில் இருந்த காலத்தில் நாட்டுக்கூத்தைப் புது மேடைக்குக் கொண்டுவந்த அந்தத் தமிழ்ப் பேராசிரியரின் காலத்தில்தான் பல்கலைக்கழகத்துக்கு அதன் முகம் அமைந்தது. தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி நுண்கலைத் துறையில் இருந்தார். கவிஞர் எம். ஏ. நுஃமான் இங்கே மொழியியல் படிப்பித்தார். எண்பதுகளின் யாழ்ப்பாண இலக்கியமும் நாடகமும் இந்த வளாகத்தின் வாசலைத் தொடாமல் வளர்ந்திருக்க முடியாது.

அந்தப் புகழ் கலைப்பீடத்தினுடையது. இன்று கலைப்பீடத்துக்கு விண்ணப்பிப்பவர் இரண்டு உண்மைகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ், வரலாறு, புவியியல், சமூகவியல், பொருளியல் போன்றவற்றைத் தமிழில் ஆழமாகப் படிக்க இலங்கையில் இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. காரணம் நூலகமோ விரிவுரையாளர் எண்ணிக்கையோ மட்டுமல்ல. படிக்கப்படும் பொருள் சைக்கிளில் போய்ச் சேரும் தூரத்தில் கிடக்கிறது. 1980 அளவில் ஆனைக்கோட்டையில் வரலாற்றுப் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் புதைகுழியில் பிராமி எழுத்தும் குறியீடுகளும் பொறித்த ஒரு சிறு முத்திரை கிடைத்தது. வளாகத்தில் இருந்து சில கிலோமீற்றர் தள்ளி, மாணவரும் ஆசிரியரும் மண்ணில் நின்று எடுத்தது அது. கந்தரோடையும் அப்படித்தான். வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படிக்கும் மாணவருக்கு இந்த வசதி கொழும்பில் இல்லை.

மற்ற உண்மை இனிப்பானதல்ல. கலைப்பட்டதாரிக்குப் படிப்பு முடிந்ததும் வேலை காத்திருப்பதில்லை. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் குந்தியிருந்ததை யாழ்ப்பாணத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வப்போது அரசாங்கம் தொகையாக வழங்கும் பட்டதாரி நியமனமும் ஆசிரிய சேவையுமே பெரும்பான்மையினரின் இலக்கு. சட்டம், மொழிபெயர்ப்பு, ஊடகக் கற்கை போன்றவற்றுக்கு இடம் பிடிப்பவர்களின் நிலை கொஞ்சம் வேறு. கலைப்பீடத்தில் மூன்றாண்டுப் பொதுப் பட்டத்துக்கும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு ஓராண்டு மட்டுமல்ல. சிறப்புப் பட்டத்தில்தான் ஆய்வேடு எழுதும் பயிற்சி கிடைக்கும். மேற்படிப்புக்கும் விரிவுரையாளர் பதவிக்கும் அதுவே படி. முதலாம் ஆண்டுப் புள்ளிகள் இதைத் தீர்மானிப்பதால், முதலாம் ஆண்டைக் கன்ரீனில் கழித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் விழித்துக்கொள்ளும் வழமைக்கு இங்கே விலை உண்டு.

மருத்துவ பீடம் வேறோர் உலகம். 1978 இல் தொடங்கி, ஆசிரியர் பற்றாக்குறையும் மருந்துத் தட்டுப்பாடும் சூழ்ந்த ஆண்டுகளிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைப் பிடித்துக்கொண்டு அது நின்றது. ஆங்கிலத்தில் ஐந்தாண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி. நாட்டின் எந்த மருத்துவ பீடத்தில் படித்தாலும் பட்டத்தின் சட்ட மதிப்பு ஒன்றுதான். இந்தப் பீடத்தின் சிறப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், போரால் சிதைந்த சமூகத்தின் மனநலத்தைப் பற்றி இங்கே நடந்த வேலையைச் சொல்வேன். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தத்தின் உளத்தாக்கம் பற்றி எழுதியவை உலகளவில் படிக்கப்படுகின்றன. வைத்தியசாலை வாசலில் வந்து நிற்கும் நோயாளி எந்தப் பாடநூலிலும் இல்லாத கதையோடு வருவார். அதைத் தமிழில் கேட்கத் தெரிந்த மருத்துவரை உருவாக்குவது இந்தப் பீடத்துக்கு முதன்மையாக உரிய பொறுப்பு. அதே பிரிவைச் சார்ந்து தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய பட்டப்படிப்புகளும் இருக்கின்றன. மருத்துவத்துக்கு நூலிழையில் தவறிய உயிரியல் பிரிவு மாணவர்கள் இவற்றைப் பட்டியலின் கடைசியில் வெறுப்போடு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இலங்கையிலும் வெளியிலும் இவற்றுக்குரிய வேலைவாய்ப்பைக் கணக்கிட்டால் அந்த வெறுப்புக்குக் காரணம் இல்லை.

விஞ்ஞான பீடம் திருநெல்வேலியிலேயே, வளாகத்தின் நடுவில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் பாறையின் கீழே தேங்கும் நிலத்தடி நீர், வலிகாமத்துக் கிணறுகளில் ஏறும் நைத்திரேற்று, சூரிய மின்கலங்களுக்கான புதிய பொருள்கள் என்று அதன் ஆய்வுகள் மண்ணோடு ஒட்டியே போகின்றன. கணினி விஞ்ஞானத்துக்கு இப்போது கூடுதல் மவுசு. யாழ் நகரில் முளைத்திருக்கும் சிறு மென்பொருள் நிறுவனங்களும் யாழ் ஐ.ரி. ஹப் போன்ற முயற்சிகளும் அதற்குக் காரணம். முகாமைத்துவ பீடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாட்டின் மற்ற முகாமைத்துவ பீடங்களைப் போன்றதே. கணக்கியல் தொழில்முறைப் பரீட்சைகளைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு நல்ல பயன்.

கிளிநொச்சியைத்தான் பலர் தவறாக எண்ணிக்கொண்டு விண்ணப்பிக்கிறார்கள். விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் ஏ-9 வீதியோரம் அறிவியல் நகரில் இருக்கின்றன. யாழ் நகரில் இருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர். திருநெல்வேலியில் வீடு இருக்கிறது, பொறியியல் படிக்கலாம் என்று கணக்குப் போட்டவர் விடுதியிலோ வாடகை அறையிலோதான் போய் நிற்பார். விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரோடு இடம்பெயர்ந்து திருநெல்வேலிக்கு வந்து, போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே தன் இடத்துக்குத் திரும்பியது. வயலும் குளமும் சுற்றியிருக்கும் இடத்தில் விவசாயம் படிப்பது எவ்வளவு இயல்பானது என்பதை அந்த வளாகத்தை ஒருதரம் பார்த்தவர் உணர்வார். பொறியியல் பீடம் 2010களின் குழந்தை. இந்திய உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. குடிசார், கணினி, மின்னும் மின்னணுவும், இயந்திரவியல் என்று பிரிவுகள் உண்டு. மொறட்டுவவின் தொழிற்சாலைத் தொடர்புகளும் அறுபது எழுபது வயதுப் பழைய மாணவர் வலையும் இங்கே இல்லை. புதிய கருவிகளும் சிறிய வகுப்புகளும் உண்டு. பொறியியல் பயிற்சிக் காலத்துக்குக் கொழும்பு போகவே வேண்டியிருக்கும், ஏனென்றால் வடக்கில் தொழிற்சாலைகள் அவ்வளவு இல்லை.

கிளிநொச்சிப் பேச்சு வரும்போது அ. துரைராசாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1988 இல் இருந்து 1994 இல் மறையும்வரை துணைவேந்தராக இருந்தவர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் 1963 இல் அவர் சேர்ந்தெழுதிய களிமண் பற்றிய ஆய்வு இன்றும் மண்பொறியியல் மாணவர் தொடாமல் போக முடியாத அடித்தளம். எரிபொருள் தடையின் காலத்தில் சைக்கிளில் வளாகத்துக்கு வந்துபோன துணைவேந்தர் என்றே ஊரார் அவரை நினைவுவைத்திருக்கிறார்கள். விவசாய பீடம் அவர் காலத்தில் தொடங்கியது. மண்பொறியியலில் உலகம் அறிந்த ஒருவர் தலைமை தாங்கிய பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் கிடைக்க, அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இன்னும் சில இடங்கள். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் மரபில் இசையும் நடனமும் நடக்கின்றன. அங்கே போக உயர்தரப் புள்ளியோடு செயன்முறைத் தேர்வும் வேண்டும். சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கைதடியில் படிக்கலாம். இந்துக் கற்கைகளுக்குத் தனிப் பீடமே வந்திருக்கிறது. அதற்கு ஒரு பீடம் தேவையா, ஒரு துறை போதாதா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. வவுனியா வளாகம் பழைய உறவினர் வாயில் இன்னும் யாழ் பல்கலைக்கழகத்தின் பகுதியாகவே வரும். 2021 ஆகஸ்ட் முதல் அது தனியான வவுனியாப் பல்கலைக்கழகம், குறியீடுகளும் வேறு.

போர் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்ன செய்தது என்பது விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு வெறும் வரலாற்றுப் பாடம் இல்லை. அதன் விளைவு விரிவுரையாளர் பட்டியலில் இன்றும் தெரியும். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையின் வான்வழித் தரையிறக்கம் இந்த வளாக மைதானத்தில்தான் நடந்தது. இறங்கிய சீக்கியப் படைப்பிரிவு ஏறக்குறைய முழுதாக அழிந்தது. 1989 செப்டம்பர் 21 அன்று உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம வளாகத்தில் இருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிந்த முறிந்த பனை என்ற நூலின் நான்கு ஆசிரியர்களில் அவர் ஒருவர். விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்று அவரோடு எழுதியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். அந்தக் கொலைக்குப் பின், அவரும் சேர்ந்திருந்த மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பினர் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிப்படையாக இயங்க முடியவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் வெறுமையானது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து திறந்தது. மேற்படிப்புக்கு வெளிநாடு போன இளம் விரிவுரையாளர்கள் பலர் திரும்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு துறையில் ஐம்பது வயதுக்காரர் குறைந்து, முதியவரும் இளையவருமாக இருக்கும் இடைவெளி அப்படி உண்டானது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அதே வெளியேற்றம் மறுபடி தொடங்கியது, இம்முறை நாடு முழுவதும். ஒரு துறையைத் தெரிவுசெய்யுமுன் அதன் இணையப் பக்கத்தில் எத்தனை விரிவுரையாளர்கள், எத்தனை பேர் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள், எத்தனை பேர் படிப்பு விடுமுறையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ள வேலை. கைநூலின் புகழுரையைவிட அது அதிகம் சொல்லும்.

மொழியும் இனமும் அடுத்தது. கலைப்பீடத்தில் தமிழே ஆட்சி. கிழக்கு மாகாண முஸ்லிம் மாணவரும் மலையக மாணவரும் அங்கே சேரும்போது, யாழ்ப்பாணத்தாருக்குத் தம் பேச்சு மட்டுமே தமிழ் இல்லை என்ற படிப்பினையும் கிடைக்கிறது. விஞ்ஞானம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகியவை ஆங்கிலத்தில் நடப்பதால் தெற்கின் மாணவர்கள் கணிசமாக வருகிறார்கள். வகுப்பில் ஆங்கிலம், விடுதியில் சிங்களம், கடையில் தமிழ் என்று ஒரு நாள் மூன்றாகப் பிரியும். 2016 ஜூலையில் விஞ்ஞான பீடத்துப் புதுமுக வரவேற்பில் கண்டிய நடனம் சேர்ப்பது பற்றிய வாக்குவாதம் மோதலாகிப் பலர் காயப்பட்டார்கள். சில வாரங்களில் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. அதன் பிறகு அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றாலும், இரண்டு கூட்டமும் கலந்துவிட்டன என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆய்வுகூட மேசையில் சேர்கிறார்கள், சாப்பாட்டு மேசையில் பிரிகிறார்கள். சேர்வதற்கு மனம் உள்ள ஒரு மாணவருக்கு, நாட்டின் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் இவ்வளவு இயல்பாகச் சிங்களம் பேசிப் பழகும் வாய்ப்புக் கிடைக்காது என்பதும் உண்மை. தமிழர் பெரும்பான்மையாக வாழும் ஊரில், அச்சமின்றி, நண்பரிடம் இருந்து.

அரசியலை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக முடியாது. 2001 ஜனவரியில் முதலாவது பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வு இந்த வளாகத்தில் நடந்தது. 2021 ஜனவரி 8 இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டபோது மாணவர்கள் வாசலில் குந்தி உண்ணாவிரதம் இருந்தார்கள். வடக்கு கிழக்கில் கடையடைப்பு நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தூபி மீண்டும் திறக்கப்பட்டது. மாணவர் ஒன்றியத்தின் அறிக்கையைக் கட்சிகளும் பத்திரிகைகளும் காத்திருந்து வாங்கும் நிலை வேறெந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் அது பெரிய சுமை. சிலருக்கு அது வாழ்வின் பயிற்சியாகிறது, சிலருக்குப் பட்டம் தாமதமாகிறது. ஊடகத்தில் வரும் யாழ் பல்கலைக்கழகம் ஏறக்குறைய முழுதாக இந்த முகம்தான். அது தவறில்லை என்றாலும், மாலை ஆறு மணிக்கு நூலகத்தில் இருந்து வெளியே வரும் நூற்றுக்கணக்கானோரின் பல்கலைக்கழகம் அந்தச் செய்திகளில் இருப்பதில்லை.

பகிடிவதை பற்றிப் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். நாட்டின் எல்லா அரச பல்கலைக்கழகங்களிலும் உள்ளதுபோல் இங்கேயும் உண்டு. 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். புதுமுக மாணவரின் உடைக்கும் நடைக்கும் முதிய மாணவர் விதி வகுப்பதைப் பழக்கம் என்று சிரித்து விடுபவர்கள் விரிவுரையாளர்களிலும் உண்டு என்பது வெட்கம். முறைப்பாடு செய்ய ஆணைக்குழுவிலும் பல்கலைக்கழகத்திலும் வழிகள் இருக்கின்றன. முதல் வாரத்திலேயே அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவு அதிகமில்லை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம்வரை நீள்வதால் உள்வாரி மாணவர் கற்பித்தல் கட்டணம் கட்டுவதில்லை. மகாபொலப் புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயில் இருந்து 7,500 ரூபாயானது. குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கும் உதவிப்பணமும் கூட்டப்பட்டது. இன்றைய விலைவாசியில் அது சாப்பாட்டுக்கே இழுபறி. விடுதி இடம் எல்லா ஆண்டிலும் எல்லோருக்கும் கிடைக்காது. திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் வீடுகளின் பின்னறைகள் மாணவர் வாடகையில்தான் ஓடுகின்றன. வேலைநிறுத்தம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் நீளும். 2024 இல் கல்விசாரா ஊழியர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது நாட்டின் அரச பல்கலைக்கழகங்கள் முடங்கின. கொரோனாவால் உயர்தரப் பரீட்சையும் தள்ளிப்போனதில், நான்காண்டுப் பட்டத்தை எத்தனை ஆண்டில் முடிப்பது என்பது பிள்ளையின் கையில் மட்டும் இல்லாமல் போனது. யாழ் நகரிலேயே கட்டணம் வாங்கும் தனியார் பட்டக் கல்வி நிறுவனங்கள் வளர்வதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். வசதியுள்ள வீடுகள் அங்கே போகின்றன, மற்றவர் காத்திருக்கிறார்கள்.

ஆக யார் வரலாம்? மருத்துவமும் அதைச் சார்ந்த பட்டங்களும் கிடைத்தால், வீட்டைவிட்டுப் போக விருப்பமில்லாதவர் தயங்காமல் வரலாம். தரத்துக்காகக் கொழும்பு என்ற பேச்சு இந்தத் துறையில் பழசு. தமிழியல், வரலாறு, தொல்லியல், நுண்கலை படிக்க உண்மையான ஆசை உள்ளவர் இதையே முதலில் எழுதலாம். ஆசை இல்லாமல் வெறும் பட்டத்துக்காக வருபவர் நான்காண்டின் முடிவில் மாவட்டச் செயலக வாசலை நினைத்துக்கொள்ள வேண்டும். விவசாயத்துக்கு அறிவியல் நகர் நல்ல தெரிவு. பொறியியலுக்கு, மொறட்டுவவும் பேராதனையும் எட்டும் புள்ளி உள்ளவருக்கு நான் இதை முதலிடத்தில் எழுதச் சொல்ல மாட்டேன். எட்டாதவர் இதைத் தோல்வியாக எடுக்கவும் தேவையில்லை, பீடம் ஒவ்வோர் அணியோடும் கனம் கூடிவருகிறது. கணினி விஞ்ஞானம் எங்கே படித்தாலும் சொந்த உழைப்பே பாதி.

பட்டியலைக் கொடுத்த பிறகும் பல மாதங்கள் காத்திருக்க வேண்டிவரும். அந்த மாதங்களில் பெரும்பாலானோர் கணினி வகுப்பு ஒன்றில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகமும் இரசாயனமும் தமிழிலேயே படித்த பிள்ளை, திடீரென்று ஆங்கிலத்தில் விரிவுரைக் குறிப்பு எழுத உட்காரும்போது தடுமாறுவது திறமைக் குறைவால் அல்ல. பல்கலைக்கழகம் தொடக்கத்தில் தீவிர ஆங்கிலப் பயிற்சி நடத்தும். அது சில வாரங்கள்தான். முதலாம் தவணைப் பரீட்சை அதற்காகக் காத்திருக்காது. உயர்தரப் பாடநூல்களின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடங்களை மறுபடி அந்த மொழியில் வாசிப்பது, புதுமுக வரவேற்புக்கு முன் ஒருவர் செய்துகொள்ளக்கூடிய மிகப் பயனுள்ள தயாரிப்பு. கிளிநொச்சி கிடைத்தவர்கள் அதோடு ஒருநாள் காலை பஸ் ஏறி அறிவியல் நகரில் இறங்கி, அறை வாடகை விசாரித்துவிட்டும் வரலாம்.